அஸ்ஸாம் மலைகளின் அரசச் செடி

இல்லங்களின் முகப்பில் தொட்டிகளில் வளர்க்கப்பெறும் வண்ண இலைப் பிகோனியாவைப் பலர் கண்டிருப்பர். வெள்ளியும் செம்மையும் கலந்த இலைகளையுடைய அவ்வகைகளுக்கு முதன்மையான மூதாதை, பாரதத்தின் வடகிழக்கு மலைகளில் வளரும் 'பிகோனியா ரெக்ஸ்' என்னும் காட்டுச் செடியாகும். 'ரெக்ஸ்' என்பது அரசனைக் குறிக்கும் இலத்தீன் சொல். 1850-களில் அஸ்ஸாமிலிருந்து ஐரோப்பா சென்ற இச்செடியைப் பெல்ஜியத் தோட்டக்கலை வல்லுநர் லிண்டன் வளர்த்துப் பரப்பினார். 1857-இல் புட்ஸேஸ் என்னும் தாவர நூலார் இதற்குப் பெயர் சூட்டினார். அதன்பின் இதிலிருந்து எண்ணற்ற கலப்பினங்கள் தோன்றின. ஆயினும், தாயகத்தில் இச்செடியை அதன் இயல்பான உருவில் காண்பது இன்று அரிதாகிவிட்டது.

நிழல் செறிந்த காடுகளில், ஓடைக் கரைகளிலும் நீர் கசியும் பாறைகளிலும் இது வாழ்கிறது. தண்டு தரையோடு படர்ந்து கிடக்கும். இலையின் ஒரு பாதி மற்றதினும் பெரிது. இலைமீது காணும் வெள்ளி வளையம் சாயத்தால் அமைந்ததன்று. மேல்தோலுக்கும் அதன் கீழுள்ள பசுந்திசுவுக்கும் இடையிலுள்ள காற்றறைகள் ஒளியைத் திருப்புவதாலேயே அது தோன்றுகிறது.

ஒரே செடியில் ஆண் மலரும் பெண் மலரும் தனித்தனியே மலர்கின்றன. பெண் மலரில் பூச்சிகளுக்குரிய உணவு ஏதுமில்லை. அதன் மஞ்சள் நிறச் சூல்முடி மகரந்தக் கேசரங்களை ஒத்திருப்பதால், பூச்சிகள் ஏமாந்து வந்தமர்கின்றன. கனியின் சிறகுகளுள் ஒன்று நீண்டது. அதன்மீது மழைத்துளி விழும்போது, தூசி போன்ற நுண்விதைகள் வெளியே தெறிக்கின்றன.

இவ்விதைகள் பெரும்பாலும் தாய்ச் செடியின் அருகிலேயே விழுவதால், ஒரு பள்ளத்தாக்கின் செடிகள் அடுத்த பள்ளத்தாக்கை எளிதில் எட்டுவதில்லை. ஓடைக்கரை மரங்கள் வெட்டப்பட்டால் வெயில் புகும்; பாறை உலரும்; அங்குள்ள செடிக்கூட்டம் முழுவதுமே அழியும். அழிந்த இடத்தில் அது தானே மீண்டும் குடியேறுதல் அரிது.

இவ்வினத்திற்கு உறவான 'பிகோனியா டெஸ்ஸரிகார்ப்பா' நூறாண்டுகளுக்கு மேலாக எவர் கண்ணிலும் படாதிருந்து, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அருணாசலப் பிரதேசத்தில் மீண்டும் கண்டறியப்பட்டது. காடு எஞ்சியிருந்தமையாலேயே அக்கண்டுபிடிப்பு இயன்றது.

பிகோனியாவின் இலைத்துண்டு ஒன்றிலிருந்தே புதுச் செடியை உண்டாக்கலாம். ஆதலால் தாவரத் தோட்டங்களில் இதனைப் பெருக்குதல் கடினமன்று. எனினும் ஓர் இலையிலிருந்து பெருகிய செடிகள் யாவும் ஒரே மரபுடையவை. நோயையும் வறட்சியையும் தாங்கும் பல்வேறு இயல்புகள், விதையினால் பெருகும் காட்டுக் கூட்டங்களிலேயே பொதிந்துள்ளன. தோட்டம் செடியைக் காக்கும். இனத்தைக் காப்பதற்கு ஓடையும் நிழலும் வேண்டும்.