ஆரோவில் காடும் பண்ணையும்: குழுவாகச் சென்று காண்போர் கவனிக்கத்தக்கவை

விழுப்புரம் ஜில்லாவில், வங்கக் கடலினின்று சில மைல் தூரத்திலுள்ள செம்மண் மேட்டில் 1968-ஆம் வருஷம் ஆரோவில் ஸ்தாபிக்கப்பட்டது. அக்காலத்தில் அம்மேடு பெரும்பாலும் மரமற்ற வெற்று நிலம். மழைதோறும் வெள்ளம் மேல்மண்ணை வாரிக்கொண்டு, நிலத்தைப் பிளந்து கடலை அடைந்தது. இன்று அங்கே அடர்ந்த காடும், இரசாயன உரமின்றிச் சாகுபடி நடைபெறும் பண்ணைகளும் உள்ளன. இவற்றைக் காணச் செல்லும் மிராசுதாரர்களும் கிராம அலுவலர்களும் மரங்களைக் கண்டு வியப்பதுடன் நில்லாது, வேலைகள் நடந்த வரிசையை அறிதல் வேண்டும்.

முதலாவது, கரை. ஓர் அங்குல மழை ஓர் ஏக்கரில் பெய்யின் அது ஏறக்குறைய 1,00,000 லிட்டர் ஜலமாகும். சரிவுக்குக் குறுக்கே மண்கரைகள் இட்டும், ஓடைகளில் சிறு அணைகள் கட்டியும் அந்த ஜலத்தை விழுந்த இடத்திலேயே நிறுத்தினர். ஜலம் நின்றால் மண் நிற்கும். மண் நின்றாலன்றி எருவிட்டுப் பயனில்லை.

இரண்டாவது, காவல். ஆடுமாடுகள் புகாதபடி வேலியிட்ட இடங்களிலேயே கன்றுகள் பிழைத்தன.

மூன்றாவது, மரம். வறட்சியைத் தாங்கும் அந்நிய மரங்களை முன்னர் வளர்த்து, அவற்றின் நிழலில் கருங்காலி, வெப்பாலை, காசா முதலிய நாட்டு மரங்களை நட்டனர். 1973-இல் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் வனத்தில் இவற்றைக் காணலாம். இவற்றின் விதைகள் கிடைத்த இடங்களுள் சுற்றுப்புறக் கோயிற்காடுகள் முக்கியமானவை. ஐயனார் கோயிற்காட்டை வெட்டும் கிராமம் தன் விதைக் களஞ்சியத்தையே இழக்கின்றதென்பதை அலுவலர்கள் உணர்தல் நலம்.

நான்காவது, எரு. அன்னபூர்ணா பண்ணையில் நெற்சாகுபடியுடன் கறவை மாடுகளும் வளர்க்கப்படுகின்றன. வைக்கோல் மாட்டுக்கும், சாணம் வயலுக்குமாகச் சுழலும் முறையைக் கவனிக்க.

ஊர் திரும்பியபின் செய்யத்தக்கது யாது? நிலம் முழுவதையும் ஒரே சமயத்தில் மாற்றுதல் கூடாது. தொடக்கத்தில் சில போகங்கள் மகசூல் குறைதல் கூடும். ஓர் ஏக்கரை மட்டும் ஒதுக்கி, கோடையிலேயே வரப்பை உயர்த்துக. ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, சுமார் 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுக. வரப்போரம் வேம்பும் புங்கும் நடுக. செலவையும் மகசூலையும் குறித்து, அடுத்த வயலுடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே மேற்கொண்டு விரிவு செய்க. புறம்போக்கு ஓடைகளில் அணையிடுதல் தனி ஒருவரால் ஆகாது. அது கிராமம் கூடிச் செய்ய வேண்டிய வேலை. ஆதலின் காணச் செல்வதும் கூட்டமாகவே செல்லுதல் உத்தமம்.