ஒரகடத்து வெயிலுக்கு எந்த ஆயில்?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையை ஒட்டியும் அதன் சுற்றுவட்டாரத்திலும், இரண்டு சக்கர வண்டியிலிருந்து பத்துச் சக்கர லாரி வரை எல்லாமே தயாராகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தன் முதல் சான்ட்ரோவை 1998-இல் வெளியே விட்டது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை 2010-இலும், பாரத்பென்ஸ் லாரி ஆலை 2012-இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013-இலும் வந்தன. பக்கத்து வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டுக்கு இன்னொரு ஆலை 2017 முதல் ஓடுகிறது.

இந்த வண்டிகளோடு வரும் கையேடுகளைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். 350 சிசி புல்லட்டுக்கு 15டபிள்யூ-50 ஆயில். இன்றைய சிறிய பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலும் 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30. லாரிக்கு வழக்கமாக 15டபிள்யூ-40. எல்லாம் ஒரே சாலையில், ஒரே மே மாத வெயிலில் ஓடுகிற வண்டிகள்தான். ஆயிலை வெயில்தான் முடிவு செய்கிறது என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே எண் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

ஆனாலும், “நம்ம ஊர் சூட்டுக்கு இந்தத் தண்ணி ஆயில் தாங்காது சார், இருபது-நாற்பது ஊத்திடலாம்” என்ற ஆலோசனை எந்த மெக்கானிக் கடையிலும் இலவசமாகக் கிடைக்கும். அதைச் சொல்பவர் முட்டாள் இல்லை. அம்பாசிடரிலும் பத்மினியிலும் கை பழகியவருக்கு, அல்லது அப்படிப் பழகியவரிடம் தொழில் கற்றவருக்கு, 20டபிள்யூ-40 என்பது பல வருட அனுபவம். அந்த எஞ்சின்களுக்கு அது பொருந்தியது. இப்போதைய எஞ்சின் வேறு.

முதலில் அந்த எண்களைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ 1911-இல் தொடங்கிவைத்த முறை இது. ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண், கடுங்குளிரில் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்ப ஆயில் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதற்கானது. 20டபிள்யூ ஆயிலுக்கு இந்தச் சோதனை மைனஸ் 15 டிகிரியில் நடக்கிறது. 0டபிள்யூவுக்கு மைனஸ் 35-இல். பின்னால் வரும் எண் 100 டிகிரி சூட்டில் ஆயிலின் பாகுத்தன்மையைச் சொல்வது.

மைனஸ் 35 டிகிரி காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பதில் அதிகாலையில் சாவி போடும் நேரத்தில் இருக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயிலின் சூடு 30 டிகிரி இருக்கலாம். நமக்கு அது புழுக்கம். 100 டிகிரியில் வேலை செய்ய வேண்டிய ஆயிலுக்கு அது குளிர்தான். அந்த நேரத்தில் வழக்கமான ஒரு 20டபிள்யூ-40 ஆயிலின் பாகுத்தன்மை 200 சென்டிஸ்டோக்ஸைத் தாண்டி நிற்கும். எஞ்சின் முழுச் சூடு ஏறியபின் அதுவே 14-க்கு வந்துவிடும். ‘தண்ணி’ என்று பெயர் வாங்கிய 0டபிள்யூ-20 அதே காலையில் ஏறக்குறைய 65 முதல் 70. அதாவது, கிளப்பும் நேரத்து மெல்லிய ஆயில்கூட, சூடேறி ஓடுகிற கெட்டி ஆயிலைவிட நான்கு மடங்குக்கு மேல் கெட்டியாக இருக்கிறது. தேய்மானம் அதிகமாக நடப்பது கிளப்பிய முதல் நிமிடங்களில். அப்போது மேலே வால்வு வரை சீக்கிரம் ஏறிச் சேர்கிற ஆயில்தான் எஞ்சினுக்கு நல்லது.

சூடேறிய பிறகு? அங்கேதான் ஒரகடத்து வெயில் தோற்கிறது. தண்ணீரால் குளிரும் கார் எஞ்சினில் தெர்மோஸ்டாட் என்ற சிறிய வால்வு ஒன்று இருக்கிறது. வெளியே 20 டிகிரியோ 42 டிகிரியோ, அது குளிர்விக்கும் திரவத்தை 90 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கப் பார்க்கும். ஆயிலின் சூடும் அதையொட்டி 90-க்கும் 110-க்கும் நடுவில் நிற்கும். ஊட்டியில் ஓடும் காரின் ஆயிலுக்கும் ஸ்ரீபெரும்புதூரில் ஓடும் காரின் ஆயிலுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

புல்லட்டின் கதை வேறு. அந்த 350 சிசி எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. முக்கியமாகக் காற்றுதான் அதைக் குளிர்விக்கிறது. ஷிப்ட் முடிகிற நேரத்தில் கம்பெனி பஸ்களுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவே சிக்கி நின்றால் காற்றும் இல்லை. ஆயிலின் சூடு ஏறிக்கொண்டே போகும். நம் ஊர் வெயில் என்ற வாதம் உண்மையில் செல்லுபடியாவது இங்கேதான். இன்னொன்றும் உண்டு: பைக்கில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் மூழ்கியிருக்கின்றன. ஆயிலின் பாகுத்தன்மையைத் தாங்கிப் பிடிக்கும் நீண்ட பாலிமர் இழைகளைக் கியர் பற்கள் நறுக்கிக்கொண்டே இருக்கும். எனவே 50 என்ற எண்.

கிளட்ச் அந்த ஆயிலிலேயே இருப்பதால்தான் ஜப்பானின் ஜாசோ தரக்குறியையும் பைக் ஆயில் டப்பாவில் தேட வேண்டியிருக்கிறது. புல்லட் கேட்பது எம்ஏ2. கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருட்கள் தாராளமாக இருக்கலாம். அது கிளட்ச் தகடுகளை வழுக்கவைக்கும். ஆக்டிவா மாதிரி கியர் இல்லாத ஸ்கூட்டரின் கிளட்ச் உலர்ந்த அறையில் இருப்பதால் அதற்கு எம்பி போதும். காருக்கு வாங்கியதில் மிஞ்சிய அரை லிட்டரை பைக்கில் ஊற்றுவது பல வீடுகளில் நடக்கிற சிக்கனம். கிளட்ச் பிளேட் விலையை ஒரு தடவை விசாரித்தால் அந்த ஆசை போய்விடும்.

இவ்வளவு மெல்லிய ஆயில் எப்படி இரும்பை இரும்போடு தொடவிடாமல் தடுக்கிறது? 1883-இல் இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக மேலே போட்ட துளை வழியாக எண்ணெய் பொங்கி வெளியே வந்தது. தக்கையால் அடைத்தார்; தக்கை பிதுங்கி வந்தது. மரக்கட்டை அடித்தார், அதுவும் வந்துவிட்டது. அழுத்தமானியைப் பொருத்தியபோது அது சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டிக் காட்டியது. சுழலும் அச்சு எண்ணெயைத் தானே ஆப்பு வடிவ இடைவெளிக்குள் இழுத்து, அந்த அழுத்தத்தின் மேல் மிதக்கிறது. தேங்கிய மழைநீரில் வேகமாகப் போகும் கார் டயர் தரையை விட்டு எழும்பி மிதக்கிறதே, அதேதான். 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார். இன்றைய பேரிங் வடிவமைப்புக்கும் அந்தச் சமன்பாடுதான் அடிப்படை.

அந்தக் கணக்கில் வேகம், சுமை, இடைவெளி, பாகுத்தன்மை நான்கும் பிணைந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கின் இடைவெளி தலைமுடியின் தடிமனைவிடக் குறைவாக இருக்கும் எஞ்சினுக்குக் கெட்டி ஆயில் ஊற்றினால் ஓட்டம் குறையும், உராய்வுச் சூடு கூடும். வால்வு திறக்கும் நேரத்தை ஆயில் அழுத்தத்தாலேயே மாற்றுகிற அமைப்பு இப்போது சின்னக் கார்களிலும் வந்துவிட்டது. அதன் நுண்துளைகள் எந்த ஆயிலை நினைத்துப் போடப்பட்டனவோ அதுதான் அவற்றுக்குச் சரிப்படும்.

ஒரு சந்தேகத்துக்கு நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். கம்பெனிக்காரர்கள் மெல்லிய ஆயிலைச் சொல்வது மைலேஜ் கணக்குக்காகத்தானே? ஆம், அதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு நிறுவனமும் தான் விற்கும் கார்களின் சராசரி கார்பன் உமிழ்வைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்ற விதி இந்தியாவில் 2017 முதல் இருக்கிறது. 2022-க்குப் பின் அது இறுகியது. மெல்லிய ஆயில் தரும் ஓரிரு சதவீத மிச்சம் அந்தக் கணக்கில் பெரிய காசு. ஆனால் 150 டிகிரியில், கடும் நசுக்கலின் கீழ் ஆயில் எவ்வளவு தாங்குகிறது என்பதற்கும் ஓர் அளவு உண்டு: 20-க்குக் குறைந்தது 2.6, 30-க்கு 2.9, 20டபிள்யூ-40-க்கு 3.7. பாதுகாப்பு விளிம்பில் வித்தியாசம் இருப்பது உண்மை. என் கருத்து இது: கையேட்டின் அட்டவணை இரண்டு மூன்று எண்களை அனுமதித்தால், குடும்பத்தோடு முழுச் சுமையில் மே மாதம் நெடுந்தூரம் போகிறவர் அதிலுள்ள கெட்டியானதை எடுத்துக்கொள்ளலாம். அட்டவணைக்கு வெளியே போக வேண்டாம். ஆயில் குடிக்க ஆரம்பித்துவிட்ட பழைய சான்ட்ரோவுக்கு ஒரு படி கெட்டியாக ஊற்றுவது தவறில்லை. அது வைத்தியம் இல்லை, தள்ளிப்போடுதல்.

எண்ணைக் கவனிக்கும் அளவுக்கு எழுத்துகளை நாம் கவனிப்பதில்லை. டப்பாவில் உள்ள ஏபிஐ தர முத்திரை எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல். அடுத்த எழுத்து எவ்வளவு பிந்தியதோ அவ்வளவு புதிய தரம். 2020-இல் வந்த எஸ்பி, சிறிய டர்போ எஞ்சின்களின் ஒரு தொல்லையையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கக்கூடும். ஆயிலில் உள்ள கால்சியம் இதைத் தூண்டுவது தெரிந்ததும் அதன் ஒரு பங்கை மெக்னீசியத்துக்கு மாற்றினார்கள். ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர் பழைய எஸ்எல் டப்பாவை மலிவு என்று வாங்குவது வம்பு. பிஎஸ்-6 டீசல் காருக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். இல்லையென்றால் புகைபோக்கியில் உள்ள வடிகட்டி அடைத்துக்கொள்ளும். லாரி செட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எதையாவது ஊற்றினால் செலவு அங்கே வந்து நிற்கும்.

‘ஃபுல் சிந்தெடிக்’ என்ற சொல்லுக்கு மயங்க வேண்டியதில்லை. கச்சா எண்ணெயிலிருந்தே ஹைட்ரஜனைச் செலுத்தி ஆழமாகச் சுத்திகரித்ததையும் அந்தப் பெயரில் விற்கலாம் என்று 1999-இலேயே அமெரிக்க விளம்பரத் தணிக்கை அமைப்பு ஒன்று ஏற்றுக்கொண்டது. முத்திரை சரியாக இருந்தால் போதும்.

இந்த வட்டாரம் ஆயிலைப் பாதிப்பது வேறு வழியில். மூன்று கிலோமீட்டர் தூரப் பள்ளிக்கூடம், திரும்பி வந்து நிறுத்தம், மாலையில் மறுபடி. எஞ்சின் முழுதாகச் சூடேறுவதற்குள் அணைந்துவிடுகிறது. உள்ளே சேர்ந்த ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாக நேரமில்லாமல் ஆயிலில் தங்குகின்றன. ஜல்லி லாரிகளின் தூசியில், நெரிசலில் நின்றபடியே ஒரு மணி நேரம் உறுமினாலும் மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடாது. ஆயிலுக்கு மட்டும் ஒரு மணி நேர வயது கூடிவிடும். பெரும்பாலான கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம் என்பது கெடு. அதே கையேட்டில் ‘கடினமான சூழல்’ என்று இன்னொரு பத்தி இருக்கும். அது கெடுவை ஏறக்குறைய பாதியாக்கச் சொல்லும். இந்தத் தடத்தில் தினமும் ஓட்டுபவருக்கு அந்தப் பத்திதான் பொருந்தும்.

மாதம் ஒரு தரம் சமதளத்தில் நிறுத்தி, டிப் ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். கரியைப் பிடித்து வைத்திருப்பது ஆயிலின் வேலை, டீசலில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். அளவு கீழ்க் கோட்டுக்கும் கீழே போயிருந்தால் எந்த எண்ணும் காப்பாற்றாது. அதே வகை ஆயிலை மேல் கோடு வரை ஊற்றுங்கள். குச்சியில் வெளுத்து நுரைத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கக்கூடும். வண்டியைக் கிளப்பாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.