நரி வித்தை கற்ற துறவி

இருபது முகங்கள் கொண்ட பகடையை உருட்டியபடி பிள்ளைகள் மணிக்கணக்கில் கதைத்து விளையாடுவதைக் கண்டு சில பெற்றோர் கலங்குகின்றனர். 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' எனும் இவ்விளையாட்டை அமெரிக்கரான கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 1974இல் உருவாக்கி வெளியிட்டனர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். புதுமொழியில் வாய்திறக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு இது நல்ல பயிற்சி.

பாத்திரங்களுள் ஒன்று 'மொங்க்': வெறுங்கையாலும் போரிடவல்ல துறவி. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இவர் மூன்றாம் படியில் ஒரு மரபைத் தேர்ந்தெடுப்பார். 6, 11, 17ஆம் படிகளில் அம்மரபின் புதிய ஆற்றல்கள் சேரும். இத்தகைய மரபைப் பிள்ளைகள் தாமாகவும் அமைக்கலாம்.

நரி மரபையே எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சதந்திர நரி நீலச் சாயத்தில் விழுந்து, நிறம் மாறி, காட்டுக்கு அரசனானது. மற்ற நரிகளின் ஊளை கேட்டுத் தானும் ஊளையிட, வேடம் கலைந்தது. இதை விதியாக்கலாம். மூன்றாம் படியில், அடித்தவுடன் எதிரியின் கைக்கு எட்டாமல் விலகும் ஓட்டம். ஆறாம் படியில், 'கீ' எனப்பட்ட ஆற்றல் புள்ளியைச் செலவிட்டு வேற்றுருவம் எடுத்தல். உரக்கக் குரல் எழுப்பினால் அது கலைந்துவிடும்.

வரத்துக்கு விலை இருக்கவேண்டும். இல்லாவிடில் ஒருவரே எல்லாம் செய்வார், மற்றவர்களுக்குச் சலித்துப்போகும்.

விதிகளைப் பிள்ளைகள் எந்த மொழியிலும் எழுதட்டும். நரிக்கதையை மட்டும் நாங்கள் தமிழில் சொல்லிக் கொடுப்போம்.