பேயும் இல்லை, பித்தும் இல்லை

தங்கைக்கு அப்போது 19 வயது. நான்கு நாளாகத் தூங்கவில்லை. சுவரோடு பேசினாள், என்னைப் பார்த்தே "நீ யாரு?" என்றாள். அம்மா மந்திரிக்கக் கூட்டிப்போனாள். ஒரு டாக்டர் மனநோய் என்று மாத்திரை எழுதினார். பத்தாம் நாள் வலிப்பு வந்தது.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மூளை அழற்சி. கிருமி ஏதும் இல்லை. கிருமியைத் தாக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள், நினைவுக்கும் சிந்தனைக்கும் தேவையான என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்கியிருந்தன. நரம்புச் செல்களின் மேல் இருக்கும் அந்த ஏற்பிகள் குறைந்துபோக, மனமே கலைந்துவிட்டது. செல்கள் பெரும்பாலும் சாவதில்லை. எங்களுக்கு அதுதான் பெரிய ஆறுதல்.

நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவ் குழுவினர் இந்நோயைத் தெளிவாக அடையாளம் கண்டதே 2007இல்தான். சில பெண்களுக்குச் சினைப்பைக் கட்டி இதைத் தூண்டிவிடும். தங்கைக்கும் இருந்தது, எடுத்தார்கள். ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் ஏற்றினார்கள். இரண்டு மாதம் கழித்து "அக்கா" என்றாள். அந்த நாட்கள் எதுவும் அவளுக்கு நினைவில்லை. எனக்கு ஒரு நிமிடம்கூட மறக்கவில்லை.

நன்றாக இருந்த பிள்ளை சில நாட்களிலேயே குணம் மாறி, பேச்சுக் குழறி, வலிப்பும் வந்தால், தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.