குறைந்த செலவில் லண்டன்

லண்டனுக்குச் செல்லும் பயணி முதலில் செய்வது மனக்கணக்குதான். ஒரு குவளைக் காப்பியின் விலையை ரிங்கிட்டுக்கு மாற்றிப் பார்த்தவர், இரண்டாம் குவளை வாங்கத் தயங்குவார். விமானச் சீட்டுக்கும் தங்கும் விடுதிக்கும் செலுத்தியது போகக் கையில் மிஞ்சுவது சொற்பம் என்றால், இந்த நகரில் எதைத்தான் பார்ப்பது?

உண்மையில், லண்டனின் பெரும் செல்வங்கள் பலவற்றைக் காணக் காசே வேண்டியதில்லை. பிரிட்டிஷ் அரும்பொருளகம் 1759ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோதே அதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பண்டைய எகிப்திய எழுத்துகளைப் படிக்க வழிகாட்டிய ரொசெட்டா கல்லை இன்றும் அங்கே இலவசமாகக் காணலாம்.

தேசிய ஓவியக்கூடம் 1838 முதல் டிராஃபால்கர் சதுக்கத்தில் இருக்கிறது. செல்வர்கள் மேற்கிலிருந்து குதிரை வண்டியில் வரலாம். ஏழைகள் கிழக்கிலிருந்து நடந்தே வரலாம். அந்த இடம் பொருத்தமானது என்பதற்கு அன்று கூறப்பட்ட காரணம் இது. நகரத்துப் புகையால் ஓவியங்கள் கெடுகின்றன என்று பின்னர் இடமாற்றம் பற்றிப் பேச்சு எழுந்தது. ஆயினும், ஓவியக்கூடம் அங்கேயே நிலைத்தது.

இலவச நுழைவு எல்லாக் காலத்திலும் நீடிக்கவில்லை. 1980களின் இறுதியில் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் போன்றவை கட்டணம் வாங்கத் தொடங்கின. 2001 டிசம்பரில் அரசாங்கத்தின் நிதியுதவியோடு அக்கட்டணம் நீக்கப்பட்டது. அதனால்தான், அங்குள்ள 25 மீட்டர் நீல திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை மாணவர்களும் செலவின்றிப் பார்க்க முடிகிறது. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டு. இலவச நுழைவில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. காசு கொடுத்தவர், கொடுத்த காசுக்காகக் கால் கடுக்க எல்லா அறைகளையும் சுற்றுவார். மற்றவரோ ஒரு மணி நேரம் நிதானமாகப் பார்த்துவிட்டு, மறுநாள் மீண்டும் வரலாம்.

நகரைச் சுற்றிப் பார்க்கச் சுற்றுலாப் பேருந்து தேவையில்லை. டிராஃபால்கர் சதுக்கத்தில் 15ஆம் எண் ஈரடுக்குப் பேருந்தில் ஏறி, மேல்தளத்தின் முன்னிருக்கையில் அமர்ந்தால் போதும். புனித பால் தேவாலயத்தைக் கடந்து லண்டன் கோபுரம்வரை செல்லலாம். 2023இல் பேருந்துக் கட்டணம் 1.75 பவுண்டாக இருந்தது. ஒரே அட்டையைப் பயன்படுத்துவோர், முதல் பேருந்தில் ஏறியதிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் வேறு பேருந்துகளுக்கு மாறினால் மறுபடியும் கட்டணம் இல்லை. ஆனால், பேருந்தில் ரொக்கம் வாங்கமாட்டார்கள்.

கிரீனிச்சில் தேம்ஸ் நதியைக் கடக்க அதுவும் வேண்டாம். நதிக்கடியில் 1902இல் திறக்கப்பட்ட நடைபாதைச் சுரங்கம் இருக்கிறது. தென்கரையில் வாழ்ந்த துறைமுகத் தொழிலாளர்கள் எதிர்க்கரைக்கு வேலைக்குச் செல்வதற்காகவே அதை அமைத்தார்கள். இன்று பயணிகளும் அதன் வழியே நடந்து, வடகரையில் நின்று கிரீனிச்சின் பழைய மாளிகைகளை ரசிக்கிறார்கள்.

மாலையில் நாடகம் பார்க்க விரும்புவோருக்கு ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கு உண்டு. ஷேக்ஸ்பியர் காலத்தில், நின்றுகொண்டு பார்ப்போர் ஒரு பென்னி கொடுத்தனர். பழைய அரங்கைப் போலவே கட்டப்பட்டு 1997இல் திறக்கப்பட்ட இன்றைய அரங்கிலும், மேடைக்கு முன்னால் நின்று பார்ப்போருக்கே மிகக் குறைந்த கட்டணம். அவர்கள் தலைக்குமேல் கூரை கிடையாது. பின்னால் நிற்பவருக்கு மறைக்கும் என்பதால் குடை பிடிக்கவும் அனுமதியில்லை. லண்டன் வானத்தை நம்ப முடியாது. மழையங்கி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.