கிரிப்டோ கொடுத்து கிஃப்ட் கார்டு: மளிகை வரும், வரியும் வரும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்ப வந்தவை மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் ஒரு வாய்ஸ் நோட்டை வச்சுத்தான் பேசப் போறேன். திருத்தணியிலிருந்து வந்தது. எங்க ஊருப் பையன்னு கேட்டவுடனே தெரிஞ்சுடுச்சு, தமிழுக்கு நடுவுல தெலுங்கு எட்டிப் பாக்குது. தம்பி டிசைன் வேலை ஃப்ரீலான்ஸா பண்றான். வெளிநாட்டு கிளையன்ட் சம்பளத்தை யூஎஸ்டிடியில, அதாவது டாலரோட ஒட்டி நிக்கற கிரிப்டோவில அனுப்பறார். கேள்வி இதுதான்: "அண்ணா, இதை பேங்க்குக்கே கொண்டு போகாம நேரா அமேசான் கிஃப்ட் கார்டா மாத்திக்கிட்டா, வீட்டு மளிகை, அம்மாவுக்கு மிக்ஸி எல்லாம் அதுலயே வாங்கிடலாம். பேங்க் தொல்லை இல்ல, வரியும் இல்ல. சரிதானே?"

பாதி சரி. மீதிப் பாதி தப்பு, அதுக்கு விலை கொஞ்சம் ஜாஸ்தி.

முதல்ல இது எப்படி நடக்குதுன்னு பாப்போம். பிட்ரீஃபில் மாதிரி தளங்கள் இருக்கு, 2014-லிருந்து இதே வியாபாரம். 2021-ல பெங்களூரு எக்ஸ்சேஞ்ச் உனோகாயின் கூட பிட்காயினுக்கு பீட்சா, ஐஸ்கிரீம் வவுச்சர் கொடுத்தாங்க. நீங்க பிராண்டையும் தொகையையும் தேர்ந்தெடுக்கணும். தளம் ஒரு வாலட் முகவரி காட்டும், இவ்வளவு காயின், இத்தனை நிமிஷத்துக்குள்ளன்னு சொல்லும். அனுப்பினதும் பிளாக்செயின்ல உறுதியாகும், அப்புறம் மெயில்ல ஒரு கோடு வரும். அதை அமேசான்ல போட்டா பேலன்ஸ் ஏறிடும்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு: அமேசான் உங்க கிரிப்டோவைத் தொடவே இல்ல. நடுவுல இருக்கறவர் காயினை வாங்கிக்கிட்டு, தான் ஏற்கனவே காசு கொடுத்து வாங்கி வச்ச கோடை உங்களுக்குத் தர்றார். 2010 மே 22-ஆம் தேதி 10,000 பிட்காயினுக்கு ரெண்டு பீட்சா வாங்கின கதை எல்லாருக்கும் தெரியும். அதுலயும் இதேதான். பீட்சா கடை பிட்காயின் வாங்கல. இன்னொரு ஆள் காயினை வாங்கிக்கிட்டு தன் காசுல பீட்சா ஆர்டர் பண்ணிக் கொடுத்தார். அந்த ஆள் இடத்துல இப்போ ஒரு வெப்சைட் உக்காந்திருக்கு.

சரி, தம்பி ஏன் பேங்க்கைப் பாத்து பயப்படறான்? பயத்துல நியாயம் இருக்கு. யூஎஸ்டிடியை ரூபாயாக்க நிறைய பேர் பி2பி போறாங்க. முகம் தெரியாத ஒருத்தர் உங்க அக்கவுண்டுக்கு பணம் போடுவார், நீங்க காயினை விடுவீங்க. அந்தப் பணம் யாரோ ஒரு பெரியவர்கிட்ட ஏமாத்தி எடுத்ததா இருந்து, அவர் 1930-க்கு போன் பண்ணிப் புகார் கொடுத்தார்னா, பணம் போன பாதையில இருக்கற அக்கவுண்டெல்லாம் வரிசையா முடக்கப்படும். அதுல உங்களுதும் ஒண்ணு. புகார் வேற மாநிலத்துல இருக்கும், இங்க இருக்கற பேங்க் மேனேஜர் கையை விரிப்பார். வீட்டு வாடகை, ஈஎம்ஐ எல்லாம் நிக்கும். கிஃப்ட் கார்டு வழியில இந்த ஆபத்து கிட்டத்தட்ட இல்ல, ஏன்னா உங்க அக்கவுண்டுக்குப் பணமே வரல. தம்பி சொன்னதுல சரியான பாதி இதுதான்.

இப்போ வரி. திருத்தணிக்காரங்களுக்கு எல்லையை வச்சுச் சொன்னா சட்டுனு புரியும். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் நம்ம ஊர் ஆந்திராவோட சித்தூர் மாவட்டம். ம.பொ.சி. மாதிரி ஆளுங்க போராடி, படாஸ்கர் சிபாரிசுப்படி கோடு மாறினதும் தமிழ்நாட்டுக்கு வந்துச்சு. மலை அதே மலை, 365 படியும் அதே படி. சட்டம் மட்டும் வேற. இன்னைக்கு பொன்பாடி செக்போஸ்ட் தாண்டினா வேற மாநிலம்.

கிரிப்டோவுக்கும் கிஃப்ட் கார்டுக்கும் நடுவுல அப்படி ஒரு கோடு உண்டு. 2022 பட்ஜெட் கிரிப்டோவுக்கு 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து'ன்னு பேர் வச்சு, அதை மாத்தினா வர்ற லாபத்துக்கு 30 சதவீதம் வரி, மேல 4 சதவீதம் செஸ்னு சொல்லிச்சு. அந்த சட்ட வரையறை ரொம்ப அகலம். அப்போ அமேசான் வவுச்சரும் அந்த லிஸ்ட்டுல வந்துடுமான்னு கேள்வி வந்ததும், 2022 ஜூன் 30-ஆம் தேதி ஒரு அறிவிக்கை வந்துச்சு: கிஃப்ட் கார்டு, வவுச்சர், ரிவார்டு பாயின்ட் இதெல்லாம் அந்த வரையறையில சேராது. தம்பி இதைத்தான் எங்கேயோ அரைகுறையா படிச்சிருக்கணும். வவுச்சருக்கு வரி இல்ல, உண்மை. ஆனா யூஎஸ்டிடியை விட்டு வவுச்சரை எடுக்கற அந்த நொடி, நீங்க செக்போஸ்ட்டைத் தாண்டறீங்க. காயினை ரூபாய்க்கு வித்தாலும், வேற காயினுக்கு மாத்தினாலும், வவுச்சருக்குக் கொடுத்தாலும் சட்டத்துக்கு எல்லாமே மாற்றம்தான்.

கணக்கு போட்டுப் பாப்போம். 4,000 ரூபாய்க்கு வாங்கின பிட்காயின் துண்டு இப்போ 10,000 ஆகியிருக்குன்னு வைங்க. அதைக் கொடுத்து 10,000 ரூபாய் வவுச்சர் வாங்கறீங்க. லாபம் 6,000. வரி 1,800, செஸ் 72. மொத்தம் 1,872. மொத்த வருமானம் வரி வரம்புக்குக் கீழ இருந்தாலும் இது விடாது. வேற காயின்ல நஷ்டம் வந்திருந்தா அதை இதுல கழிக்கவும் முடியாது. என் கருத்தைக் கேட்டா, நஷ்டத்தைக் கழிக்க விடாதது ரொம்ப அநியாயம். ஆனா சட்டம் இப்போ அதுதான்.

தம்பி கதை கொஞ்சம் வேற. அவனுக்கு யூஎஸ்டிடி வந்தது சம்பளமா. 100 யூஎஸ்டிடி, அன்னைக்கு விலை 85 ரூபாய்னா, 8,500 ரூபாய் அவனோட தொழில் வருமானம். வந்த அன்னைக்கே. கிஃப்ட் கார்டா மாத்தினாலும் மாத்தாட்டியும் அது வருமானம்தான். அதையே வாங்கின விலையா எடுத்துக்கறதுதான் வழக்கம். ரெண்டு மாசம் கழிச்சு விலை 87 ஆகும்போது வவுச்சர் வாங்கினா, லாபம் வெறும் 200 ரூபாய், அதுக்கு வரி 62 ரூபாய் 40 காசு. ஆக அவன் பயப்படற 30 சதவீதம் சுண்டைக்காய். மறைக்க நினைக்கற 8,500 தான் பூசணிக்காய். அதை வரிக் கணக்குல காட்டாம விட்டா, பின்னாடி நோட்டீஸ் வரும்போது எந்த வவுச்சரும் காப்பாத்தாது. ஐடிஆர்-1-ல இதுக்கு இடம் கிடையாது. ஃப்ரீலான்ஸ் ஆளுக்கு ஐடிஆர்-3 வரும். இந்திய எக்ஸ்சேஞ்ச்ல வித்தா 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பாங்க. வெளிநாட்டுத் தளம் பிடிக்காது. பிடிக்கலன்னா வரி இல்லன்னு அர்த்தம் இல்ல.

அடுத்தது கார்டு. ரிசர்வ் பேங்க் விதிப்படி ப்ரீபெய்டு கிஃப்ட் கார்டு ஒண்ணுல 10,000 ரூபாய்க்கு மேல இருக்கக் கூடாது, திரும்ப ரீசார்ஜ் பண்ண முடியாது, பணமா எடுக்கவும் முடியாது. வாங்கின மிக்ஸி ஓடலன்னு திருப்பி அனுப்பினா, காசு பேலன்ஸுக்குத்தான் வரும், யூஎஸ்டிடியா வராது. ஆக இது ஒருவழிப் பாதை. அதோட, கோடு கைக்காசு மாதிரி. யார் முதல்ல டைப் பண்றாங்களோ அவங்களுக்கு. மோசடிக்காரங்களுக்கு கிஃப்ட் கார்டு ஏன் இவ்வளவு பிடிக்குதுன்னு இப்போ புரிஞ்சிருக்கும். டெலிகிராம்ல "10,000 கார்டு 7,500-க்கு"ன்னு விக்கறவங்ககிட்ட வாங்கவே வாங்காதீங்க; திருட்டு கிரெடிட் கார்டுல எடுத்த கோடு அப்படித்தான் மலிவா வரும், நாலு நாள்ல பேலன்ஸும் போயிடும்.

யூஎஸ்டிடி அனுப்பும்போது நெட்வொர்க்கைப் பாருங்க. தளம் டிரான் முகவரி கேட்டா டிரான்ல அனுப்பணும், எத்தீரியம்னா எத்தீரியம். மாத்தி அனுப்பினா திரும்ப வாங்க கஸ்டமர் கேர் எல்லாம் கிடையாது. தளம் போடற விலையையும் பாருங்க. 10,000 கார்டுக்கு 10,400 மதிப்புள்ள காயின் கேட்டா, அந்த 400 தான் கமிஷன், பில்லுல எங்கயும் கமிஷன்னு எழுதியிருக்காது.

இன்னொண்ணு, அன்றாடச் செலவுங்கறது எது? ஆடிக் கிருத்திகைக்கு வீட்டுக்கு சொந்தக்காரங்க வந்தா நாம போறது மலையடிவாரப் பூக்கடைக்கும் தெருமுனை மளிகைக்கும். அந்த அக்கா யூபிஐ வாங்குவாங்க, அமேசான் கோடு வாங்க மாட்டாங்க. சென்னையில தனியா ரூம் எடுத்து, எல்லாமே ஆப்ல ஆர்டர் பண்றவங்களுக்கு கிஃப்ட் கார்டு ஓரளவு ஒத்து வரும். திருத்தணி வீட்டுக்கு மாசச் செலவுல கால்வாசிக்குக் கூட உதவாதுன்னு நினைக்கறேன்.

"அப்போ காயினை எக்ஸ்சேஞ்ச்லயே வச்சுக்கறேன்"னு சொல்றவங்களுக்கு: 2024 ஜூலை 18-ஆம் தேதி வசீர்எக்ஸ்ல சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின் திருடு போச்சு, பயனர்கள் பல மாசம் பணத்தைத் தொட முடியல. அதுல பாதிக்கப்பட்ட ஒருத்தர் வழக்குல, 2025 அக்டோபர்ல நம்ம சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோ ஒரு சொத்துன்னு, ஒருத்தர் நம்பி ஒப்படைச்சு வைக்கக்கூடியதுன்னு சொல்லிச்சு. நல்ல தீர்ப்பு. ஆனா கோர்ட்டுக்குப் போய்த்தான் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்துச்சு.

அதனால தம்பி, உனக்கு நேரடி பதில். முடிஞ்சா கிளையன்ட்கிட்ட பேங்க் டிரான்ஸ்ஃபர் கேளு. முடியாதுன்னா, எஃப்ஐயூவில பதிவு பண்ணின இந்திய எக்ஸ்சேஞ்ச்ல வித்து ரூபாயா எடு, பி2பி வேண்டாம். மிக்ஸி வாங்க கிஃப்ட் கார்டுதான்னு முடிவு பண்ணினா, தேவைக்கு மட்டும் ஒரு கார்டு வாங்கு, அன்னைக்கே அக்கவுண்ட்ல ஏத்திடு. ஒரு ஷீட்ல நாலு விஷயம் எழுதி வை: யூஎஸ்டிடி வந்த தேதி, அன்னைய ரூபாய் விலை, கார்டு வாங்கின தேதி, அன்னைய விலை. கிளையன்ட் இன்வாய்ஸையும் அதே ஃபோல்டர்ல போட்டு வை. ஜூலைல சி.ஏ. இதைத்தான் கேப்பார்.