மௌனம் சம்மதமா, மறுப்பா?

ஊரின் நடுவே மரநிழலும் புல்வெளியும் கொண்ட ஒரு பொதுப் பூங்கா இருக்குமாயின், காலையில் உலாவ வருகிறவருக்கும் மாலையில் குழந்தைகளை விளையாட அழைத்து வருகிறவருக்கும் அங்கே உள்ள உரிமை, தங்கள் குறையை நாலு பேர் அறியச் சொல்ல வேண்டுமென்று கூடி நிற்கும் ஜனங்களுக்கும் உண்டா என்ற கேள்வி, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பல தேசத்து நீதிமன்றங்களின் வாசலில் நின்றுவந்திருக்கிறது. உண்டு என்பதை இன்று அநேகமாக எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். விதிகள் வேண்டும் என்பதையும் யாரும் மறுப்பதில்லை. ஆனால் அந்த விதிகள், எத்தனை பேர் கூடலாம், எந்த மூலையில் நிற்கலாம், ஒலிபெருக்கியின் சத்தம் எவ்வளவு இருக்கலாம் என்பவற்றை விஸ்தாரமாக எழுதுகின்றனவே யன்றி, மனுவைக் கையில் வாங்கிய அதிகாரி எத்தனை மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பெரும்பாலும் ஒரு மூலையில் ஒதுக்கிவிடுகின்றன. சில இடங்களில் சொல்லாமலே விட்டுவிடுகின்றன. அந்தச் சிறிய சங்கதியிலேதான் கூடும் உரிமையின் ஜீவன் இருக்கிறது என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

இந்த விஷயத்தில் அதிகமாக வழக்காடியவர்கள் அமெரிக்க ஐக்கிய நாட்டு ஜனங்கள். ஆகவே அவர்களுடைய அனுபவத்தையே முதலில் பார்ப்பது பொருத்தம். 1634-ஆம் ஆண்டு முதல் பொது நிலமாக இருந்துவரும் பாஸ்டன் காமன் என்ற மைதானத்தில், மேயரின் அனுமதிச் சீட்டு இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காக ஒரு மதபோதகர் தண்டிக்கப்பட்டார். அவருடைய வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனபோது, 1897-இல் அந்த நீதிமன்றம் கூறிய தீர்ப்பு, இன்று படிப்பவரைத் திடுக்கிடச் செய்யும். வீட்டுக்குச் சொந்தக்காரன் தன் வீட்டுக்குள் யாரும் பேசக் கூடாதென்று தடுக்க எவ்வளவு பாத்தியதை உடையவனோ, அவ்வளவு பாத்தியதை பூங்காவின்மீது அரசாங்கத்துக்கு உண்டு என்பதே அதன் சாரம். பூங்காவில் ஜனங்கள் விருந்தாளிகள், வீட்டுக்காரர் சர்க்கார்.

இந்தக் கோட்பாடு சாய்வதற்கு 42 ஆண்டுகள் ஆயின. நியூ ஜெர்சி மாகாணத்தின் ஜெர்சி சிட்டியில், தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்ட வந்தவர்களுக்குக் கூட்டம் போட இடம் மறுக்கப்பட்டது. கலவரம் நேரலாம் என்று தமக்குத் தோன்றினாலே அனுமதியை மறுக்கும் அதிகாரத்தை நகரத்தின் கட்டளை ஓர் அதிகாரிக்கு வழங்கியிருந்தது. 1939-இல் அந்த வழக்கில் தீர்ப்பெழுதிய நீதிபதிகளில் சிலர், தெருக்களும் பூங்காக்களும் யார் பெயரில் பத்திரமாகியிருந்தாலும், ஞாபகத்துக்கு எட்டாத காலம் தொட்டு அவை ஜனங்கள் கூடுவதற்கும் கருத்துப் பரிமாறுவதற்கும் பொதுச் சங்கதிகளை விவாதிப்பதற்கும் தர்மச் சொத்தாகவே இருந்துவந்தன என்று எழுதினார்கள். பின்னால் வந்த தீர்ப்புகள் பலவும் இந்த அஸ்திவாரத்தின்மேல் எழும்பியவையே.

அதற்குப் பிறகும், அனுமதி என்ற வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக்கூடிய விருப்பு வெறுப்புகள் மறைந்துவிடவில்லை. மேரிலாந்து மாகாணத்தில் ஹாவர் டி கிரேஸ் என்ற ஊரின் பூங்காவில் யெகோவாவின் சாட்சிகள் என்ற மதப் பிரிவினர் பைபிள் பிரசங்கம் நடத்த அனுமதி கேட்டபோது, நகர சபையார் அவர்களைக் கேட்ட கேள்விகள் கூட்டத்தின் அளவையோ நேரத்தையோ பற்றியவை அல்ல. தேசியக் கொடிக்கு வணக்கம் செலுத்துவதுபற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள், கத்தோலிக்க மதத்தைப்பற்றி என்ன அபிப்பிராயம் என்பவையே. அந்த ஊரில் எழுதப்பட்ட விதி எதுவும் இருக்கவில்லை. வழக்கம் ஒன்றுதான் இருந்தது. அனுமதி மறுக்கப்பட்ட பின்னும் பேசியவர்கள் கைதானார்கள். 1951-இல் சுப்ரீம் கோர்ட்டு அவர்களை விடுவித்தது. எழுதப்படாத விதி என்பது, அதிகாரத்தில் இருப்பவரின் மனோபாவத்துக்கு இடப்பட்ட மறுபெயரே என்பதை அந்தச் சிறிய ஊரின் கதை எவ்வளவு ஸ்பஷ்டமாகக் காட்டுகிறது!

ஆகவே விதிகள் எழுத்தில் வந்தன. பேச்சின் உள்ளடக்கத்தைத் தொடாமல், நேரம், இடம், முறை ஆகிய மூன்றை மட்டும் ஒழுங்குபடுத்தலாம் என்ற கோட்பாடு நிலைபெற்றது. வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள லஃபாயெத் பூங்காவில், வீடற்றவர்களின் துயரத்தைக் காட்டக் கூடாரம் அடித்தவர்கள் அதற்குள் படுத்துறங்கக் கூடாதென்ற தடை செல்லும் என்று 1984-லும், நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் இசைமேடையில் நகர நிர்வாகத்தின் ஒலிக்கருவியையும் அதன் நிபுணரையுமே உபயோகிக்க வேண்டும் என்ற விதி செல்லும் என்று 1989-லும் தீர்ப்பாயிற்று. இவற்றைப்பற்றி விவாதிக்க இடமுண்டாயினும், என் மனம் இங்கே அதிகமாகத் தங்கவில்லை. உறங்காமலும் கூடலாம், குறைந்த சத்தத்திலும் நியாயத்தைப் பேசலாம். வேண்டிய நாளில் கூட முடியாமற் போனால்தான் எல்லாம் போய்விடுகிறது.

சிக்காகோ நகரத்துப் பூங்காக்களின் விதியைப் பார்ப்போம். 50 பேருக்கு மேற்பட்ட கூட்டத்துக்கு அனுமதி வேண்டும். அனுமதி மறுப்பதற்குரிய காரணங்கள் 13 என்று வரையறுக்கப்பட்டிருந்தன. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இந்த விதி 2002-இல் சுப்ரீம் கோர்ட்டின் பரிசீலனைக்கு வந்து, நீதிபதிகள் அனைவராலும் ஏகமனதாக ஏற்கப்பட்டது. வரையறை உள்ள விதி, காரணம் சொல்லும் விதி, மேல்முறையீட்டுக்கு இடம் தரும் விதி என்ற வகையில் அது மெச்சத்தக்கதே. ஆனால் பதில் சொல்வதற்கு அந்த விதி எடுத்துக்கொண்ட அவகாசம் 14 நாட்கள். தேவையானால் மேலும் 14 நாட்கள். ஆக மொத்தம் நான்கு வாரங்கள். திங்கட்கிழமை ஓர் ஆலை மூடப்படுகிறது, செவ்வாய்க்கிழமை ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் கிடைக்கும் அனுமதி, பந்தி முடிந்த பிறகு இலை போட்டு அழைப்பதற்குச் சமானமல்லவா?

நியூயார்க்கில் நேர்ந்தது இதைவிட மோசம். 2004 ஆகஸ்டில் அந்நகரில் நடக்கவிருந்த ஒரு பெரிய அரசியல் மாநாட்டையொட்டி, ஈராக் யுத்தத்தை எதிர்த்தவர்கள் சென்ட்ரல் பார்க்கின் பெரிய புல்வெளியில் லட்சக்கணக்கில் கூட எண்ணி 2003-ஆம் ஆண்டிலேயே மனுக் கொடுத்தார்கள். 2004 வசந்த காலம் வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. காத்திருந்து கிடைத்த பதில், அவ்வளவு ஜனங்கள் மிதித்தால் புல் கெட்டுவிடும் என்பது. அதே பூங்காவில் 1982 ஜூன் 12-ஆம் தேதி அணு ஆயுத ஒழிப்பைக் கோரிச் சுமார் பத்து லட்சம் பேர் திரண்டிருந்தார்கள் என்பது சரித்திரம். புல்லைப் பற்றிய கவலை பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் புல்லின் நன்மையை முன்னிட்டு ஒரு மறுப்பு அவசியமாயிருந்தால், அதை முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாம். மனுதாரர்கள் வேறு இடம் தேடவும், நீதிமன்றத்துக்குப் போகவும், மக்களுக்கு அறிவிக்கவும் போதிய அவகாசம் இருந்திருக்கும். நாட்களை இழுத்தடித்துச் சொல்லப்படும் மறுப்பு, மறுப்புடன் கூட மறுப்பை எதிர்க்கும் சந்தர்ப்பத்தையும் பறித்துக்கொள்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு விதி அதே தேசத்தில், அதுவும் அரசாங்கத்தின் தலைவாசலிலேயே இருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். வாஷிங்டனில் உள்ள மத்திய சர்க்கார் பூங்காக்களின் விதிப்படி, 25 பேர் வரையில் உள்ள சிறு கூட்டத்துக்குப் பொதுவாக அனுமதியே தேவையில்லை. அதற்கு மேற்பட்டால், 48 மணி நேரத்துக்கு முன்னதாக மனுக் கொடுக்க வேண்டும். மனுப் பெற்ற 24 மணி நேரத்துக்குள் மறுப்பு வராவிட்டால், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு அனுமதி கிடைத்துவிட்டதாகவே பாவிக்கப்படும். வெள்ளை மாளிகையை ஒட்டிய நடைபாதையில் 750 பேர், லஃபாயெத் பூங்காவில் 3,000 பேர் என்ற உச்ச வரம்புகளும் அந்த விதியிலேயே உள்ளன. தொண்டர்களை நிறுத்தி ஒழுங்கைக் காப்பதாக அமைப்பாளர்கள் காட்டினால் இந்த வரம்பைத் தளர்த்தவும் வழியுண்டு. கலவரம் வந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ராஷ்டிரபதியின் ஜன்னலுக்கு எதிரிலேயே மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படுகிறது; அதனால் ராஜ்யம் கவிழ்ந்துவிடவில்லை. 2018-இல் இந்த 24 மணி நேர விதியை மாற்றும் யோசனையொன்று வெளியிடப்பட்டபோது ஜனங்களிடமிருந்து ஏராளமான ஆட்சேபங்கள் குவிந்தன. மறு ஆண்டில் அந்த யோசனை கைவிடப்பட்டது. ஒரு கடிகாரத்தின் அருமையை அந்த ஜனங்கள் அறிந்திருந்தார்கள்.

லண்டன் ஹைட் பார்க்கின் வரலாறு வேறு விதமாக இதே பாடத்தைப் புகட்டுகிறது. வாக்குரிமை கேட்டுச் சீர்திருத்தக் கழகத்தார் 1866 ஜூலை 23 அன்று அங்கே கூட முயன்றபோது வாயிற்கதவுகள் அடைக்கப்பட்டன. ஜனங்களின் நெருக்கத்தில் இரும்பு வேலிகள் சாய்ந்தன. அடுத்த ஆண்டு மே மாதத்தில் தடையை மீறிக் கூடினார்கள். தடுக்க யாரும் துணியவில்லை. 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பூங்காவின் வடகிழக்கு மூலை பேச்சாளர்களின் இடமாக ஒழுங்கு பெற்றது. ஆனாலும் அங்கே கூடுவது பிறப்புரிமை என்று ஆங்கிலச் சட்டம் ஒப்புக்கொள்ளவில்லை; 1873-இல் நீதிமன்றம் அதை மறுத்தே தீர்ப்பளித்தது. அந்தக் குறை 130 ஆண்டுகளுக்குப் பிறகும் தலைகாட்டிற்று. 2003 பிப்ரவரியில் ஈராக் யுத்தத்தை எதிர்த்து லண்டனில் பேரணி நடத்த முனைந்தவர்களுக்கு, குளிர்காலத்து ஈரப் புல்லையும் ஜனங்களின் பாதுகாப்பையும் காரணம் காட்டி ஹைட் பார்க் முதலில் மறுக்கப்பட்டது. பொதுஜன அபிப்பிராயம் கிளர்ந்தெழுந்த பிறகே அந்த மறுப்பு விலகியது. உரிமை சட்டத்தில் இல்லாத இடத்தில், கூச்சல்தான் உரிமையின் ஸ்தானத்தை வகிக்கும். கூச்சல் போடச் சக்தியில்லாத சிறு கூட்டத்தாருக்கு அப்போது கதி என்ன?

நம்முடைய அரசியல் சாசனத்தின் 19-ஆவது ஷரத்து, ஆயுதமின்றிச் சமாதானமாகக் கூடும் உரிமையைப் பிரஜைகளுக்கு அளித்து, நியாயமான கட்டுப்பாடுகளை மட்டுமே அனுமதிக்கிறது. அகமதாபாத்தில் பொதுக்கூட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டதிலிருந்து எழுந்த ஒரு வழக்கில், எந்த வழிகாட்டியும் இன்றி இஷ்டம்போல் மறுக்கும் அதிகாரத்தைத் தந்த விதி செல்லாது என்று நம் உச்ச நீதிமன்றம் 1972-லேயே கூறிற்று. அந்தத் தீர்ப்பில் ஜெர்சி சிட்டி வழக்கும் பேசப்பட்டது. ஆக, காரணமின்றி மறுக்கக் கூடாது என்ற முதற்பாதி நமக்குக் கிடைத்தாயிற்று. காலந்தாழ்த்தி மறுக்கக் கூடாது என்ற பிற்பாதியைப் பற்றித்தான் என் கவலையெல்லாம். சென்னை நகரில் 1888-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி அவ்வப்போது வெளியாகும் உத்தரவுகளில், கூட்டம் நடத்துவோர் 5 நாட்களுக்கு முன்பே மனுச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரிகை வாசகர்கள் பலமுறை கண்டிருப்பார்கள். கேட்கிறவனுக்கு விதிக்கப்பட்ட கெடு இவ்வளவு துல்லியமாக அச்சாகும்போது, பதில் சொல்கிறவருக்கு உரிய கெடுவும் அதே அறிவிப்பில் அதே துல்லியத்துடன் அச்சாக வேண்டுமல்லவா? அது இல்லாத இடங்களில் அமைப்பாளர்கள், கூட்டத்துக்கு முந்தின நாள் மாலையில் உயர் நீதிமன்றத்தின் படியேறுவது சகஜமாகிவிடுகிறது. வக்கீல் வைத்து வழக்காட வசதியில்லாதவர்கள் நோட்டீஸ்களைக் கட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

பந்தோபஸ்து ஏற்பாடு செய்யவும் போக்குவரத்தை மாற்றவும் அவகாசம் வேண்டும் என்று அதிகாரிகள் சொல்வதிலும், ஓய்வுக்கு வருகிறவர்களின் அமைதியும் ஓர் உரிமையே என்று பூங்காவை நேசிப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அவ்விரு நியாயங்களும் முன்கூட்டிப் பதில் சொல்வதற்கே சாதகமானவை. தாமதத்துக்குச் சாதகமானவை அல்ல.

ஆதலால் பூங்காக்களுக்கு விதி வகுக்கிறவர்கள் மூன்று வாசகங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மனுவைப் பெற்ற 24 மணி நேரத்தில், பெரிய கூட்டமாயின் மூன்று நாட்களில், பதில் தரப்பட வேண்டும். மறுப்பாயின் காரணத்தோடும் மாற்று இடத்தோடும் எழுத்தில் தரப்பட வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் அனுமதி வழங்கப்பட்டதாகவே கொள்ளப்பட வேண்டும். எதிர்பாராமல் நேர்ந்த சம்பவத்தையொட்டிக் கூடும் சிறு கூட்டத்துக்கு முன்னறிவிப்பே போதும் என்ற விலக்கும் அவசியம். இவற்றால் சர்க்காருக்குப் புதிய செலவு ஏதும் இல்லை. மனுவுக்குக் கொடுக்கும் ரசீதில் ஒரு தேதியையும் ஒரு மணியையும் எழுதி, அதற்குமேல் நாங்கள் பேசாதிருந்தால் நீங்கள் கூடலாம் என்று கையொப்பமிடும் மனம் மட்டுமே வேண்டும். அந்த ரசீதைக் கேட்டு வாங்கும் பழக்கத்தை, கூட்டம் நடத்துகிற ஒவ்வொரு சங்கமும் இன்றே தொடங்கட்டும்.